காலி எடை

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிக்கு எடை போடுகிறவன் நான்,
ராத்திரி ஷிப்ட்.
முதலில் காலி எடை, அப்புறம் சரக்கோடு.
கழித்தால் மிஞ்சுவதைச் சீட்டில் அடித்துக் கொடுப்பேன்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.

அப்பா தேசப்பனின் முதுகிலிருந்த கட்டிகளை
எட்டாவது படிக்கையில் எண்ணியிருக்கிறேன்,
மின்சாரம் போன ஒரு மதியம், அவர் குப்புறத் தூங்க.
முந்நூற்றுப் பன்னிரண்டில்
புரண்டு படுத்துவிட்டார்.

பாரிமுனை பஸ்ஸில்
எத்தனை நெரிசலிலும் அவர் பக்கத்து இருக்கை காலியாக வரும்.
எங்களுக்கு அது கொண்டாட்டம்.
நானும் அண்ணனும் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வோம்.
காரணம் புரிந்த வருஷத்திலிருந்து
நான் நின்றபடியே போனேன்.

பூவா தலையாவில்
அண்ணன் கன்னியப்பனுக்கு வழவழவென்று உடம்பு.
எனக்கு விலாவெங்கும் காப்பிக் கறை.
பிறந்த வாரத்தில் அம்மா
சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாளாம்.

வீட்டில் ஒரே சட்டம்:
"வலிக்கலன்னா வுட்டுடு."
முப்பத்தாறு வருஷம்
சட்டத்தை மீறவில்லை நான்.

இடது தொடைக்குள் ஒன்று
சின்ன வயசிலிருந்தே சுருண்டு படுத்திருந்தது.
தை மாதம் அது வலித்தது.
நாற்காலி சரியில்லை என்று நாற்காலியை மாற்றினேன்.
பேண்ட்டில் ஒரு கால் மட்டும் இறுகியது.
கொருக்குப்பேட்டை கேட்டருகே தையல்காரர்
பிரித்து விட்டுக் கொடுத்தார்.
மூன்றே வாரம், திரும்பப் போனேன்.
அளந்தவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்,
துணியை வாங்கவில்லை.
"தம்பி, நீ டாக்டராண்ட போ."

ஸ்டான்லியில் டாக்டர்
வலிக்கிறதா என்று கேட்கவில்லை.
"தூக்கத்துல எழுப்புதா?"
ராத்திரி வேலைக்காரனிடம்
இதை எப்படிக் கேட்கிறார் பாருங்கள்.
மற்றவை விரலுக்கடியில் ரப்பராய் நழுவின.
இது நகரவில்லை.
மாணவர்களைக் கூப்பிட்டார். வரிசையாக வந்து அழுத்தினார்கள்.
ஒரு பெண் மட்டும் "சாரிண்ணா" என்றாள்.

"இந்த உடம்புக்காரங்கள்ல பத்துல ஒருத்தருக்கு
இப்டித் திரும்பிடுதுப்பா."
திரும்பிடுது.
நாய் திரும்புகிற மாதிரியா,
லாரி திரும்புகிற மாதிரியா என்று
கேட்க நினைத்துக் கேட்காமல்
சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நரம்போடு சேர்த்து எடுத்தார்கள்.
கால் இருக்கிறது.
பாதம்தான் தொங்குகிறது.
இடது செருப்பு கழன்றால் தெரிவதில்லை.
ராயபுரம் பாலத்தடியில் ஒரு மீன்கார அம்மா கூப்பிட்டாள்,
"இன்னா நைனா, ஒத்தச் செருப்ப எனக்கு வுட்டுட்டுப் போற?"
இரண்டு பேரும் சிரித்தோம்.
ஆறு மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

எண்ணூற்று நாற்பது கிராம் என்று எழுதியிருந்தது.
வேலைக்குத் திரும்பிய முதல் ராத்திரி,
லாரி வராத இடைவெளியில்,
கட்டையூன்றி மேடை நடுவில் போய் நின்றேன்.
கண்ணாடிக்கு உள்ளே அறுபது என்று எரிந்தது.
போன வருஷமும் அறுபதுதான்.

நெஞ்சில் ஒரு நிழல் இருக்கிறதாம்.
மூன்று மாதம் கழித்து
மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாமாம்.
தனகோட்டி காலண்டரில் வட்டம் போட்டாள்.
மணலி எரிகோபுர வெளிச்சத்தில்
அந்த வட்டம் ராத்திரியும் தெரிகிறது.

ஜோவிதாவுக்கு ஐந்து வயது.
குளிப்பாட்டும்போது எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன்.
ஏழு.
ஆறுக்கு மேல் போனாலே போதும் என்று
டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார்.

பழைய சட்டத்தை எடுத்துவிட்டோம்.
வலிச்சா சொல்லு.
வலிக்கலன்னாலும் சொல்லு.

அவள் தினமும் சொல்கிறாள்.
முட்டி வலிக்குது.
நாக்கு வலிக்குது.
பள்ளிக்கூடம் வலிக்குது.
நேற்று தலைமுடி வலிக்கிறதென்றாள்.

டார்ச்சை எடுத்து வந்து
ரொம்ப நேரம் பார்த்தேன்.